செத்த குரங்கு கிடந்தா கை வைக்காதீங்க

காலேஜ்ல கால்நடை மருத்துவம் படிச்சப்போ க்யாசனூர் காட்டு நோய்க்குன்னு எங்க புக்குல அரைப்பக்கம் தான் ஒதுக்கியிருந்தாங்க. இப்போ நினைச்சா கோவமா வருது, நம்ம பக்கத்து மாநிலத்துல கண்டுபிடிச்ச நோய்ங்க அது.

1957ல கர்நாடகா சிமோகா பக்கம் காட்டுல குரங்குங்க வரிசையா செத்து விழுந்துச்சு, அதே நேரத்துல ஊர்க்காரங்களுக்கும் திடீர் காய்ச்சல், மண்டையப் பொளக்கற தலைவலி, சிலருக்கு ரத்தக்கசிவு வேற. ஊர்ல 'மங்கன காயிலெ'ன்னாங்க, மங்கன்னா கன்னடத்துல குரங்கு. பூனாலருந்து போன வைரஸ் ஆராய்ச்சிக்காரங்களுக்கு மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள்ள வந்துருச்சோன்னு பயம், ஏன்னா தென் அமெரிக்கா காடுகள்ல அந்த நோய் வந்தா குரங்கு தான் முதல்ல சாகும். வைரஸ பிரிச்சு பாத்தா ரஷ்யப் பக்கம் உண்ணி பரப்புற மூளைக்காய்ச்சலுக்கு இது சொந்தம்னு தெரிஞ்சுது. இங்கயும் பரப்புறது உண்ணி தான்.

இதுல மாட்டோட பங்கு தான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. மாட்டுக்கு இந்த நோய் வந்து படுக்காது, ஆனா காட்டுக்குள்ள மேயப்போன மாட்டு மேல வளர்ந்த உண்ணிங்க வயிறு முட்ட ரத்தம் குடிச்சு, கீழ விழுந்து முட்டை போடும், அதனால காட்ட ஒட்டி மேய்ச்சல் கூடக்கூட உண்ணியும் பெருகும். மனுசன பெரும்பாலும் கடிக்கறது பொடி சைஸ்ல இருக்கற இளம் உண்ணி, டிசம்பர்லருந்து மே வரைக்கும் அது ஜாஸ்தி, பாக்கு தோட்டத்துக்கு காட்டுல சருகு அள்ளப்போற சீசனும் அது தான். மாட்டு டாக்டர், வனத்துறை ஆளுங்க, ஆஸ்பத்திரி மூணு பேரும் ஒண்ணா உக்காராம இத எப்படிங்க பிடிக்க முடியும்?

2012ல பந்திப்பூர்ல செத்த குரங்குங்கள அறுத்துப் பாக்கவும் எரிக்கவும் கூட நின்ன ஆளுங்களுக்கே நோய் வந்துச்சு. பந்திப்பூர தாண்டினா நம்ம முதுமலை, நீலகிரிக் குரங்குலயும் வைரஸ் இருந்தது அப்புறம் தெரிய வந்துச்சு. நோய் வந்தவங்கள்ல நூத்துக்கு 3லருந்து 5 பேர் வரைக்கும் சாகறாங்க, இதுக்குன்னு தனி மருந்து கிடையாது, போட்டுட்டிருந்த பழைய தடுப்பூசியும் சரியா வேலை செய்யலன்னு 2022ல நிறுத்திட்டாங்க.

கூடலூர், மசினகுடி பக்கம் இருக்கறவங்க, செத்த குரங்கப் பாத்தா தொடாம உடனே வனத்துறைக்கோ கால்நடை ஆஸ்பத்திரிக்கோ சொல்லுங்க. செத்த குரங்கோட உடம்பு சூடு ஆறினதும் உண்ணியெல்லாம் அத விட்டு எறங்கி அந்த எடத்துலயே அடுத்த ஆளுக்கு காத்துட்டிருக்கும், உண்ணிய கொல்ற மருந்து அடிக்கற வரைக்கும் மாட்டையும் அந்தப் பக்கம் ஓட்டாதீங்க.