இரண்டாவது தடவையும் போய் நின்றோம்: ஒரு ஜார்ஜியா நாட்குறிப்பு

நவம்பர் 4, 2020, புதன்

குடியுரிமை வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. அக்டோபரிலேயே முகக்கவசத்தோடு வரிசையில் நின்று என் முதல் அமெரிக்க ஓட்டைப் போட்டுவிட்டேன். நேற்று எண்ண ஆரம்பித்தார்கள். இரவு ஒரு மணி வரை விழித்திருந்தும் எதுவும் முடிவாகவில்லை. வீட்டில் எல்லோருக்கும் அதிபர் யார் என்ற கவலை. எனக்கு நாடாளுமன்ற மேலவையான செனட் மேல்தான் கண்.

ஒரு மாநிலத்துக்கு இரண்டு செனட்டர்கள். பொதுவாக இரண்டு இடங்களுக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் வராது. ஜார்ஜியாவில் இந்த முறை வந்துவிட்டது. குடியரசுக் கட்சியின் டேவிட் பெர்டூவின் ஆறு வருஷம் முடிகிறது. இன்னொரு இடத்தில் இருந்த ஜானி ஐசக்சன் உடல்நலம் சரியில்லாமல் போன வருஷக் கடைசியில் விலகினார். கவர்னர் பிரையன் கெம்ப் அந்த இடத்தில் அதே கட்சியின் கெல்லி லெஃப்லரை நியமித்தார். மீதிக் காலத்துக்கு மக்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதால் சிறப்புத் தேர்தல். ஓட்டுச்சீட்டில் அந்த ஒரு இடத்துக்கு மட்டும் 20 பெயர்கள். ஜனநாயகக் கட்சியின் பாஸ்டர் ரஃபேல் வார்னாக் சுமார் 33 சதவீதத்தோடு முன்னால் நிற்கிறார். லெஃப்லருக்கு 26. அது இரண்டாம் சுற்றுக்குப் போவது உறுதி. பெர்டூவோ 50 சதவீதத்துக்கு நூலளவு மேலே இருக்கிறார். அட்லாண்டா பக்கத்துத் தபால் ஓட்டுகள் இன்னும் பாக்கி.

நவம்பர் 6, வெள்ளி

விடிவதற்குள் பைடன் ஜார்ஜியாவில் முந்திவிட்டார். முந்த வைத்தவை கிளேட்டன் கவுண்டியின் ஓட்டுகள் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி). ஜூலையில் மறைந்த ஜான் லூயிஸின் தொகுதியில் அந்தக் கவுண்டியின் ஒரு பகுதியும் சேரும். 1965இல் செல்மா பாலத்தில் ஓட்டுரிமைக்காக மண்டை உடைபட்டவர் அவர். இன்று காலை அவர் இல்லையே என்றிருந்தது.

பெர்டூ 50க்குக் கீழே இறங்கிவிட்டார். 49.7 சதவீதம். எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சியின் ஜான் ஓசோஃப் 47.9. மீதி லிபர்டேரியன் என்ற மூன்றாவது கட்சி வேட்பாளருக்கு. மற்ற பெரும்பாலான மாநிலங்களில் இதற்குள் பெர்டூ ஜெயித்தவர். இங்கே பாதிக்கு மேல் வாங்கினால்தான் வெற்றி. ஆக இரண்டு இடங்களுக்கும் ஜனவரி 5ஆம் தேதி மறுபடி ஓட்டு.

நவம்பர் 7, சனி

கமலா ஹாரிஸ் வெள்ளை உடையில் மேடைக்கு வந்து, தன் அம்மா ஷியாமளா கோபாலனைப் பற்றிப் பேசினார். நான் அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. என் அம்மாவின் ஊர் மன்னார்குடிப் பக்கம். ஹாரிஸின் தாத்தாவின் துளசேந்திரபுரம் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான்.

போன மாதம் மேக்கன் நகரத்தில் நடந்த கூட்டத்தில் பெர்டூ கமலா என்ற பெயரை வேண்டுமென்றே இழுத்து, குழப்பி, என்னவோ ஒன்று என்கிற மாதிரி விட்டார். கூட்டம் சிரித்தது. வாய் தவறிவிட்டதாம், அவர் தரப்பு சொல்கிறது. கிட்டத்தட்ட நான்கு வருஷம் ஒரே சபையில் கூட உட்கார்ந்தவர் பெயர்! என் மகளின் பெயர் அதைவிட நீளம். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வருஷமும் முதல் நாள் அவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் காணொளியை அவளும் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 14, சனி

தீபாவளி. கொரோனாவால் யாரையும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. முறுக்கு, ரவா லாடு மட்டும். வாசலில் வைத்துவிட்டு, தள்ளி நின்று கையசைத்தோம்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் ஒரு டப்பா. கறுப்பினத்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியை, தென்மேற்கு ஜார்ஜியாக்காரர். தெருவில் எல்லோரும் அவரை மரியாதையாக 'மிஸ்' போட்டுத்தான் அழைப்போம். முற்றத்தில் பத்தடி தள்ளி நின்று பேசிக்கொண்டிருந்தபோது இரண்டாம் சுற்றைப் பற்றி எடுத்தேன். "இந்த விதி எதற்காக வந்தது தெரியுமா? எங்களுக்காக" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். எனக்குத்தான் முறுக்கு டப்பாவை வாங்கிக்கொண்ட அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை.

நவம்பர் 22, ஞாயிறு

ஒரு வாரமாக அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

முன்பு ஜார்ஜியாவில் 'கவுண்டி யூனிட்' என்று ஒரு முறை இருந்தது. கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில் ஆளுக்கு ஒரு ஓட்டு என்ற கணக்கு கிடையாது. 159 கவுண்டிகளில் பெரியவற்றுக்கு 6 யூனிட், நடுத்தரத்துக்கு 4, சின்னதற்கு 2. அட்லாண்டா இருக்கும் ஃபுல்டன் கவுண்டியில் ஐந்தரை லட்சம் பேருக்கு 6 யூனிட். எக்கோல்ஸ் கவுண்டியில் இரண்டாயிரம் பேர்கூட இல்லை, அதற்கு 2. எக்கோல்ஸில் ஒருவரின் செல்வாக்கு ஃபுல்டனில் 99 பேருக்குச் சமம் என்று 1963இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். அந்தத் தீர்ப்புதான் அந்த முறையை ஒழித்தது.

ஒழிந்ததும் என்ன செய்வது? மேக்கனைச் சேர்ந்த டென்மார்க் குரூவர் என்ற சட்டமன்ற உறுப்பினர் கொண்டுவந்ததுதான் இந்தப் பாதிக்கு மேல் விதி. அவர் 1958இல் தோற்றவர். வெள்ளையர் ஓட்டில் முந்தியும், கறுப்பின மக்கள் ஒரே பக்கம் சேர்ந்து போட்ட ஓட்டில் தோற்றார். வெள்ளையர் ஓட்டு நான்கு பேருக்குப் பிரிந்து, கறுப்பின ஓட்டு ஒருவருக்கே விழுந்தால் அவர் ஜெயித்துவிடுவாரே என்ற பயம். இரண்டாம் சுற்று வைத்தால் பிரிந்தவர்கள் ஒன்றுசேர்ந்துவிடலாம். இன நோக்கம் இருந்ததைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். 1964இல் சட்டமானது.

மறுபடியும் மேக்கன். செனட்டர்களை ஒரு காலத்தில் மாநிலச் சட்டமன்றங்கள்தான் தேர்ந்தெடுத்தன, நம் ராஜ்யசபாவுக்கு எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போடுகிற மாதிரி. 1913இல் 17ஆவது திருத்தம் வந்து, மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறை ஆரம்பித்தது. அந்தத் திருத்தத்தின் கீழ் முதலில் தேர்வானவர் ஜார்ஜியாவின் அகஸ்டஸ் பேக்கன். மேக்கன்காரர். தன் உயிலில் அந்த ஊருக்கு ஒரு பூங்கா எழுதி வைத்தார், வெள்ளையர் மட்டும் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு. எல்லோரையும் உள்ளே விட வேண்டி வந்தபோது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், கடைசியில் பூங்காவே இல்லாமல் போனது. மக்கள் தேர்ந்தெடுத்த முதல் செனட்டர். அந்த 'மக்கள்' யார் யார் என்று இப்போது புரிகிறது.

விதி வேலை செய்தும் இருக்கிறது. 1992இல் ஜனநாயகக் கட்சி செனட்டர் வைச் ஃபவுலர் நவம்பரில் முந்தி, இரண்டாம் சுற்றில் தோற்றார். 2008இல் குடியரசுக் கட்சி செனட்டர் சாக்ஸ்பி சாம்ப்ளிஸ் நவம்பரில் 49.8 சதவீதம், அடுத்த மாதம் இரண்டாம் சுற்றில் 57.4. முதல் சுற்றில் 37 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள், இரண்டாவதில் 21 லட்சம்தான். வராமல் போனவர்கள் யாரென்று பார்த்தால், அன்றாடம் வேலைக்குப் போயே ஆக வேண்டியவர்கள், இளைஞர்கள், கறுப்பின மக்கள். யாரும் அவர்களைத் தடுக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது தடவை வரச் சொன்னாலே போதுமாக இருந்தது.

சரி, நான் போன் செய்யப் போகிறேன். ஒரு தன்னார்வக் குழுவில் தமிழ் பேசத் தெரிந்தவர்களைத் தேடுகிறார்கள்.

டிசம்பர் 7, திங்கள்

மகளுக்குப் போன வாரம் 18 முடிந்தது. நவம்பரில் அவளுக்கு ஓட்டு இல்லை. ஜனவரி 5க்குள் 18 ஆனால் போதும், இன்றைக்குள் பதிய வேண்டும். கடைசி நாள் வரை இழுத்தடித்து, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இணையத்தில் பதிந்தாள். குரூவரின் விதி இல்லையென்றால் இந்தத் தேர்தல் அவளுக்கு முன்னாலேயே முடிந்திருக்கும்.

நேற்று விவாதம். பெர்டூ வரவில்லை. ஓசோஃப் காலி மேடைக்குப் பக்கத்தில் நின்று பேசினார்.

டிசம்பர் 17, வியாழன்

மார்கழி பிறந்துவிட்டது. முன்கூட்டிய வாக்குப்பதிவு திங்களன்று ஆரம்பித்தது. இன்று மகளோடு போனேன். விறைக்கிற குளிர். முக்கால் மணி நேரம் நின்றோம், ஆறடி இடைவெளியில். முன்னால் ஓர் இளைஞர் மளிகைக்கடைச் சீருடையில் நின்றார், அடிக்கடி நேரம் பார்த்தபடி. பின்னால் சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி. உள்ளே ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினோம், ஓர் அட்டை கொடுத்தார்கள். தொடுதிரையில் தேர்ந்தெடுத்தால் காகிதம் அச்சாகி வரும். அதை ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு ஸ்கேனரில் விட வேண்டும். மகள் இரண்டு தடவை படித்தாள். மூன்றாவதாக மின்கட்டணத்தை முடிவு செய்யும் ஆணையத்துக்கும் ஒரு இடம் இருந்தது. அதைப் பற்றியும் முந்தின நாளே படித்துவிட்டு வந்திருந்தாள்.

வெளியே வந்ததும் பீச் பழம் போட்ட ஸ்டிக்கர். என்னுடையதையும் வாங்கித் தன் கோட்டில் ஒட்டிக்கொண்டாள்.

டிசம்பர் 27, ஞாயிறு

இதுவரை முந்நூறுக்கும் மேல் அழைப்புகள். பாதிப் பேர் எடுப்பதில்லை. எடுப்பவர்களில் பாதிப் பேர் சலித்துப்போயிருக்கிறார்கள், அதிலும் நியாயம் உண்டு. தொலைக்காட்சியைத் திறந்தால் அரசியல் விளம்பரம் தவிர வேறில்லை. ஓசோஃபும் வார்னாக்கும் இரண்டே மாதத்தில் ஆளுக்குப் பத்து கோடி டாலருக்கு மேல் திரட்டியிருக்கிறார்கள். இவ்வளவு பணம் ஒரு மாநிலத்தின் இரண்டு இடங்களுக்கு. எனக்கு அது பிடிக்கவில்லை, என் பக்கத்துக்கு வந்த பணமாக இருந்தாலும்.

அட்லாண்டா பக்கத்து ஆல்ஃபரெட்டாவில் ஒரு பெரியவர். தமிழில் பேசியதும் குரல் மாறியது.

"நவம்பர்லதான் போட்டாச்சேம்மா. மறுபடி எதுக்கு?"

"யாருக்கும் பாதிக்கு மேல வரலை ஐயா. அதான் மறுபடி."

"நம்ம ஊர்ல ஒரு ஓட்டு கூட வந்தாலும் எம்.எல்.ஏ."

"இங்க அப்படி இல்லைங்க."

செனட்டரை எம்.எல்.ஏ.க்கள் போடமாட்டார்களா என்று கேட்டார். 1913 கதையைச் சொன்னேன். குடியரசுக் கட்சி 50, எதிர்ப்பக்கம் 48, இந்த இரண்டும் கிடைத்தால் சமம், சமமானால் துணை அதிபர் ஓட்டுதான் முடிவு செய்யும் என்றேன். "அதாவது நம்ம மன்னார்குடிப் பொண்ணு" என்றார். ஆமாம் ஐயா. மருமகளைக் கூட்டிப் போகச் சொல்கிறேன் என்று வைத்தார்.

எல்லோரும் அப்படியில்லை. ஒருவர் தான் பெர்டூவுக்குத்தான் போடுவேன், வரி கூடினால் தன் சின்னக் கடை தாங்காது என்றார். பொறுமையாகப் பேசினார். ஓட்டுச்சாவடி எது என்று கேட்டார், சொன்னேன். அவருக்கும் இரண்டாவது தடவை போக வேண்டும்தானே.

ஜனவரி 3, 2021, ஞாயிறு

பெர்டூவின் பதவிக்காலம் இன்றோடு முடிந்தது. அந்த நாற்காலி காலி.

அதிபர் ட்ரம்ப் நேற்று ஜார்ஜியாவின் மாநிலச் செயலாளர் பிராட் ராஃபென்ஸ்பெர்கருக்குப் போன் செய்து, 11,780 ஓட்டுகளைக் கண்டுபிடிக்கச் சொன்ன ஒலிப்பதிவு வெளியாகியிருக்கிறது. பைடன் முந்தியது 11,779. கூட ஒன்று. ராஃபென்ஸ்பெர்கரும் குடியரசுக் கட்சிக்காரர்தான். முடியாது என்றார். கையால் ஒரு தடவை, இயந்திரத்தில் ஒரு தடவை என்று திரும்ப எண்ணிய ஓட்டுகள் அவை. அதில் ஒன்று என்னுடையது.

ஜனவரி 5, செவ்வாய்

மாலை ஏழுக்கு வாக்குப்பதிவு முடிந்தது. நேற்றிரவு வரை போன். இன்று தொண்டை கட்டிவிட்டது. மிஸ் வீட்டில் விளக்கு அணையவில்லை, எங்கள் வீட்டிலும்.

ஜனவரி 6, புதன்

அதிகாலை இரண்டு மணி வாக்கில், டிகால்ப் கவுண்டி ஓட்டுகள் வந்தபிறகு, வார்னாக் வெற்றி. ஜார்ஜியா அனுப்பும் முதல் கறுப்பின செனட்டர். மார்ட்டின் லூதர் கிங் பிரசங்கம் செய்த எபனேசர் தேவாலயத்தின் பாஸ்டர். இரவுப் பேச்சில் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். சிறுவயதில் அடுத்தவர் வயலில் பருத்தி எடுத்த கைகள், இப்போது 82 வயதில் தன் கடைசி மகனை செனட்டராகத் தேர்ந்தெடுத்திருக்கின்றன. எங்கள் பாட்டியும் அடுத்தவர் வயலில் நடவு நட்டவர்தான்.

காலையில் மிஸ் வாசலுக்கு வந்தார். இருவரும் பேசவில்லை. அவர் தன் கையைத் தூக்கிக் காட்டினார், அவ்வளவுதான்.

மதியம் வாஷிங்டனில், பைடன் வெற்றியை உறுதி செய்யச் சபை கூடியிருந்தபோது, நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் ட்ரம்ப் ஆதரவுக் கும்பல் புகுந்தது. கண்ணாடி உடைகிறது, உறுப்பினர்கள் தரையில் படுக்கிறார்கள். அதற்கு நடுவே நாலு மணிக்கு மேல் திரையின் அடியில் ஒரு வரி ஓடியது: ஓசோஃப் வெற்றி. ஜார்ஜியாவின் முதல் யூத செனட்டர், 33 வயது. சந்தோஷப்பட முடியவில்லை. மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அம்மா, நான் போட்டதை எடுத்துடுவாங்களா?" என்று கேட்டாள். எடுக்க முடியாது கண்ணே என்றேன். சொல்லிவிட்டு, இரவு சபை மறுபடி கூடும் வரை தூங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 20, புதன்

நேற்று மாநிலம் முடிவுகளை உறுதி செய்தது. சுமார் 45 லட்சம் பேர் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். நவம்பரில் 50 லட்சம். 2008இல் கிட்டத்தட்டப் பாதியாகக் கரைந்தது போல் இந்தத் தடவை கரையவில்லை. ஓசோஃப் கிட்டத்தட்ட 55 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில், வார்னாக் 93 ஆயிரம் சொச்சத்தில் ஜெயித்திருக்கிறார்கள். மின்கட்டண ஆணையத்துக்கு மகள் போட்டவர் தோற்றுவிட்டார். அதைப் பற்றி அவளுக்கு இன்னும் வருத்தம்.

பிற்பகல் துணை அதிபர் ஹாரிஸ் மூன்று புதிய செனட்டர்களுக்கு உறுதிமொழி செய்துவைத்தார். ஓசோஃப் கையில் ரப்பி, அதாவது யூத மதகுரு, ஜேக்கப் ராத்சைல்டின் எபிரேய வேதநூல். கிங்கின் நண்பர் அவர். 1958இல் அட்லாண்டாவில் அவருடைய ஆலயத்துக்கு வெடிகுண்டு வைத்தார்கள். துளசேந்திரபுரத்தில் பட்டாசு வெடித்ததாக அம்மா போனில் சொன்னாள்.

மாலையில் ஆல்ஃபரெட்டா பெரியவர் தானே கூப்பிட்டார். மருமகளோடு போய்ப் போட்டாராம். வார்னாக் இருப்பது ஐசக்சனின் மீதிக் காலத்தில்தான், அடுத்த வருஷம் நவம்பரில் அந்த இடத்துக்கு மறுபடி தேர்தல் என்று சொன்னேன். யாருக்கும் பாதி வராவிட்டால் அப்போதும் இரண்டு தடவையா என்று கேட்டார். ஆமாம் ஐயா என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"இருந்தா வந்து போடறேம்மா. எந்தத் தேதின்னு மட்டும் போன் பண்ணிச் சொல்லு."