றக்பி பார்க்க ரிக்கற் எடுக்கும் முன்

வடக்கின் பெருஞ்சமர்க் கிரிக்கெற்றையும் துரையப்பா அரங்கின் உதைபந்தையும் பார்த்துப் பழகிய யாழ்ப்பாணத்துக் கண்ணுக்கு, றக்பி என்றால் கண்டிக்காரருக்கும் கொழும்புக்காரருக்கும் உரிய விளையாட்டு. படிக்கவோ வேலைக்கோ லண்டன் வந்தபின் ஆரோ ஒரு சிநேகிதர் கூட்டிக்கொண்டு போவார். இடைவேளைக்குள்ளேயே "இப்ப ஏன் விசில் ஊதினவர்?" என்று பத்துத் தரம் கேட்டாகிவிடும். விதி தெரியாதது அதற்குப் பாதிக் காரணம். மீதி, பிழையான கதிரை.

கோல் கம்பங்களுக்குப் பின்னால் கீழ் வரிசை மலிவாகக் கிடைக்கும், ஆனால் முதல் தரம் போகிறவர் அதை எடுக்க வேண்டாம். மைதானம் 100 மீற்றர் நீளம். மற்ற முனையில் ஆட்டம் நடக்கும்போது அங்கிருந்து தெரிவது ஒரு ஆள்குவியல் மட்டும்தான். றக்பி இடைவெளியின் ஆட்டம்: தடுக்கிற வரிசையில் எந்த இடத்தில் ஒரு ஆள் குறைகிறது, பின்னுக்குக் காவல் நிற்பவர் எந்தப் பக்கம் விலகிவிட்டார் என்பதை உயரத்தில் இருந்துதான் பிடிக்கலாம். மேல்தட்டில் மூலைக் கதிரை கிடைத்தாலும் கீழ் வரிசையை விட நல்லது. காசு இருந்தால் பக்கவாட்டில், நடுக்கோட்டுக்கும் 22 மீற்றர்க் கோட்டுக்கும் (கோல் கோட்டில் இருந்து 22 மீற்றரில் இருப்பது) இடையில் எடுங்கோ. ஓரக் கதிரை வசதி என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் உதைபந்து பார்க்கும்போது கதிரையில் இருந்து பியர் குடிக்க விடமாட்டார்கள், றக்பியில் விடுவார்கள். அதனால் சனம் போக்கும் வரத்துமாகவே இருக்கும், ஓரத்தில் இருப்பவர் எழும்பி எழும்பியே களைத்துப் போவார்.

முதல் ஆட்டம் கழக ஆட்டமாக இருக்கட்டும். இங்கிலாந்து அணியின் சொந்த அரங்கான ருவிக்கன்ஹாமில் 82,000 பேர் இருக்கலாம். 2024இல் அலியான்ஸ் ஸ்ரேடியம் என்று பெயர் மாறினாலும் சனம் பழைய பெயரைத்தான் சொல்கிறது. அங்கே ஆறு நாடுகள் போட்டிக்கு (ஐரோப்பாவின் ஆறு தேசிய அணிகள் மோதும் தொடர்) நல்ல கதிரை நூறு பவுணைத் தாண்டும். வீதிக்கு மற்றப் பக்கம் இருக்கும் ஹார்லிக்குவின்ஸ் கழகத்தின் ஸ்ரூப் மைதானம் 15,000 பேருக்கும் குறைவான இடம்; விலையும் குறைவு, வீரர்கள் மோதுகிற சத்தமும் காதில் விழும்.

ஈஸ்ற்ஹாம் பக்கம் இருப்பவர்கள் டிஸ்ரிக்ற் லைனில் றிச்மண்ட் ரெயினாகப் பார்த்து ஏறினால் மாறாமலே போய்ச் சேரலாம். றிச்மண்டில் இருந்து பஸ். மற்றவர்களுக்கு வாட்டர்லூவில் இருந்து ருவிக்கன்ஹாம் ஸ்ரேசன். ரிக்கற் போனில் இருக்குமென்றால் வீட்டிலேயே இறக்கி வையுங்கோ. வாசலில் எல்லாரும் ஒரே நேரத்தில் போனை நோண்ட, சிக்னல் படுத்துவிடும். பெரிய பையோடு போனால் வாசலில் மறிப்பார்கள்.

இனி விசில். பெரும்பாலும் அது ஊதப்படுவது, பந்தோடு விழுந்தவரைச் சுற்றி ஆட்கள் கூடுகிற இடத்தில். விழுந்தவர் பந்தை விட வேண்டும், விழுத்தியவர் உருண்டு விலக வேண்டும், பிறகு வருபவர் தன் பக்கத்துப் பின்புறமாக வந்து காலில் நிற்க வேண்டும். இந்த மூன்றையும் பார்த்துக்கொண்டிருந்தால் பாதி விசிலுக்கு விடை கிடைத்துவிடும். நடுவர் கையை மேல்நோக்கிச் சாய்த்து நீட்டினால் பெனால்ரி. எந்தப் பக்கம் நீட்டுகிறாரோ அந்த அணிக்கு. இடுப்பு உயரத்தில் நேராக நீட்டியபடி ஆட்டத்தை ஓடவிட்டால் அட்வான்ரேஜ்: பிழை நடந்தாலும் மற்ற அணிக்குச் சாதகம் என்பதால் உடனே நிறுத்தவில்லை. பெரிய ஆட்டங்களில் நடுவரின் மைக்கைக் கேட்கச் சின்ன ரேடியோ விற்பார்கள். அதைக் கட்டாயம் வாங்குங்கோ. ஸ்க்ரம் (இரண்டு அணியிலும் எட்டெட்டுப் பேர் குனிந்து கோத்துத் தள்ளுவது) ஏன் சரிந்தது, ஆரில் பிழை என்று அவர் வீரர்களுக்குச் சொல்வது உங்கள் காதிலும் விழும். அந்த ஆட்டத்துக்கு இதைவிட நல்ல ரியூசன் இல்லை.

புள்ளிக் கணக்கு சுலபம்: ட்ரை (எதிரணியின் கோல் கோட்டில் அல்லது அதற்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது) 5, அதைத் தொடரும் உதை 2, பெனால்ரி உதையும் டிராப் கோலும் (ஓடும் ஆட்டத்தில் பந்தை நிலத்தில் விழுத்திக் கம்பங்களுக்கு இடையால் உதைப்பது) 3. உதைப்பவர் ஆயத்தமாகும்போது அரங்கு அடங்கிவிடும். எதிரணிக்காரர் என்றாலும் கூவுவது மரியாதை இல்லை. எல்லாரும் இதைக் கடைப்பிடிக்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது.

பெப்ரவரி, மார்ச் ஆட்டமென்றால் குளிர் காலால்தான் ஏறும். கொங்கிறீற் தரையில் இரண்டு மணித்தியாலம் கால் வைத்திருக்க வேண்டும், ஆகவே தடித்த காலுறையும் மொத்த அடிச் சப்பாத்தும். மழைக்குக் குடை உதவாது, பின்னால் இருப்பவர் ஏசுவார். தொப்பி வைத்த மழைச்சட்டை போதும்.

மணிக்கூடு 80 நிமிசத்தைத் தொட்டதும் எழும்பிவிடாதீர்கள். பந்து ஆட்டத்தில் இருக்கும்வரை ஆட்டம் ஓடும். தோற்றுக்கொண்டிருக்கும் அணி பந்தை விடாமல் பிடித்து இரண்டு மூன்று நிமிசம் அடித்து முன்னேறி, கடைசியில் வெல்வதும் உண்டு. வெள்ளன ஓடினாலும் ஸ்ரேசன் வரிசையில் நிற்கத்தான் வேண்டும். ஒரு மணித்தியாலம் கழித்துப் போனால் ரெயினில் இருக்க இடமும் கிடைக்கும்.