'பாஸ்' முத்திரை இருந்தது, ட்ரிம் (லைன் நீளங்களின் சரியான பொருத்தம்) இல்லை

பாராகிளைடிங் போட்டிக்கான பழைய விங் (பறக்கும் துணி இறக்கை) ஒன்றை வாங்கினேன். விலை பேசியது, பணம் கட்டியது எல்லாம் சுலபம். மாட்டிக்கொண்டது சோதனைப் பட்டறையில்தான்.

திரும்பி வந்த பார்சலில் ஒரே ஒரு தாள். துணியின் காற்றுக்கசிவு நன்று, லைன் (விங்கிலிருந்து நம்மைத் தாங்கும் கயிறு) பலம் நன்று, லைன் நீளம் 'சரி', கீழே முத்திரை. அவ்வளவுதான். தரையில் இழுத்துப் பார்த்தால் விங் முக்கால் உயரத்தில் சோம்பி நிற்கிறது. ஸ்பீட் பாரை (வேகம் கூட்டக் காலால் மிதிப்பது) முழுக்க மிதித்தாலும் கூட வந்தவர்கள் முன்னே போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

இந்த ரகத்தில் லைன்கள் ஏ (முன்), பி (பின்) என இரண்டே வரிசை. காற்றின் இழுவையைக் குறைக்க லைனுக்கு உறைகூடக் கிடையாது. மேல்கிளைகள் ஒரு மி.மீ.க்கும் மெல்லியவை. சுமையில் பெரும்பங்கைத் தாங்கும் ஏ மெல்ல நீள்கிறது, சுமை குறைந்த பி சுருங்குகிறது. விங்கின் பின்பகுதி கீழே இழுபட்டு மோதுகோணம் (விங் காற்றைச் சந்திக்கும் கோணம்) கூடும். வேகம் குறைந்து ஸ்டாலை (தூக்குவிசை இழக்கும் நிலையை) நெருங்கும். சராசரி எடுத்தால் கூடியதும் குறைந்ததும் கழிந்து 'சரி' என்றுதான் வரும்!

ஒவ்வொரு லைனின் அளவையும் கேட்டேன். "பாஸ் ஆயிடுச்சே சார், இன்னும் என்ன வேணும்?" என்றார் பட்டறைக்காரர். அதைத் தரும் வழக்கமே இல்லையாம். 2011 உலகப் போட்டியில், ஸ்பெயினின் பியட்ராஹீட்டாவில், இருவர் இறந்த பிறகுதான் போட்டி விங்குகளுக்கு விதிகள் இறுகின. போட்டியில் லைனை அளக்க வந்தால் இந்தத் தாளை வைத்து என்ன செய்வது? பணம் கட்டும் முன்பே முழு அளவுப் பட்டியல் தருவார்களா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

வேறொரு பட்டறையில் ஒவ்வொரு லைனையும் 5 கிலோ இழுவையில் லேசரால் அளந்து, தயாரிப்பாளர் பட்டியலோடு ஒப்பிட்டார்கள். பி வரிசையின் நடுப்பகுதி நன்றாகவே குட்டை. மேய்லானில் (லைன்களைப் பட்டையோடு இணைக்கும் சிறு உலோக வளையம்) இருந்த கூடுதல் லூப்பைப் பிரித்ததும் கணக்கு நேரானது. விங் இப்போது ஒரே மூச்சில் தலைக்கு மேல் வருகிறது. முதல் பட்டறை மூட்டையாக அமுக்கி அனுப்பியதில் ஷார்க் நோஸின் (சுறா மூக்கு வடிவ முன்விளிம்பு) பிளாஸ்டிக் கம்பி ஒன்று வளைந்திருந்தது. அதை மாற்றியது தனிச் செலவு.

ஒரு விஷயம்: பி நீண்டால் பின்விளிம்பு உயரும், அதை இழுக்கும் பிரேக் லைனின் தளர்வு குறையும். பிரேக் முடிச்சைச் சரிபார்க்காமல் மலையேறாதீர்கள்.