பெருசுங்க பேச்சைக் கேளுங்க தம்பிங்களா

வடசென்னையில் புளியந்தோப்பு, ஓட்டேரி பக்கம் இருந்த பின்னி துணி மில்லில் வேலை பார்த்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் புத்திமதி "ஒழுங்கா இரு, பெரியவங்கள மதி" ரகம் இல்லை. எங்கள் தெருத் தாத்தா ஒருவர், புதுசாக வேலைக்குச் சேர்ந்த பையனிடம் எடுத்ததும் கேட்டார்: "இன்னாடா, சம்பளச் சீட்டு குடுக்குறானா? பி.எஃப். பிடிக்கிறானா? நெம்பர எழுதி வச்சிக்கினியா?" பி.எஃப். என்றால் சம்பளத்தில் மாசா மாசம் பிடித்துச் சேர்க்கும் வருங்கால வைப்பு நிதி.

அவருடைய மஞ்சப்பையில் மில் அடையாள அட்டை, ஓரம் பழுத்துப்போன சம்பளச் சீட்டுகள், எல்லாம் துருப்பிடித்த குண்டூசி குத்தி பத்திரமாக இருக்கின்றன. சும்மாவா? 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததே இந்த மில் ஆட்களுக்காகத்தானே. திரு.வி.க. வந்து நின்று பேசிய மண் இது.

தம்பிங்களா, வேலை மாறினால் பி.எஃப். பணத்தைத் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள், புதுக் கம்பெனிக்கு மாற்றுங்கள். 10 வருஷ சர்வீஸ் இருந்தால்தான் 58 வயதில் மாசா மாசம் பென்ஷன். பி.எஃப்.போடு சேரும் பென்ஷன் பங்கையும் சேர்த்து உருவிவிட்டால் அந்த சர்வீஸ் கணக்கு போச்சு. பைக் ஆசைக்காக அதைத் தொடுகிற பிள்ளைகளைப் பார்க்கையில் வயிறு எரிகிறது. கல்யாணம் ஆனால் பி.எஃப்.பில் கொடுத்த பழைய நாமினேஷன் (நமக்குப் பிறகு பணம் யாருக்கு என்று எழுதிக் கொடுப்பது) செல்லாது, புதுசாகப் போடுங்கள். வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்டால் யாராக இருந்தாலும் போடாதீர்கள்.

யூ.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) ஆக்டிவேட் பண்ணத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆதாரும் செல்போனுமாக வீட்டுக்கு வாங்க, செய்து தருகிறேன்.