சில்வர் எஃபெக்ஸ் ப்ரோ 2ஐ லினக்ஸில ஓட வச்சது

முடிவை முதலே சொல்லிடுறன். விண்டோஸுக்கெண்டு செய்த சில்வர் எஃபெக்ஸ் ப்ரோ 2 என்ர பழைய லப்டொப்பில, லினக்ஸ் மின்டுக்கு மேல, விண்டோஸ் சொஃப்ட்வெயாரை லினக்ஸில ஓட்டுற வைன் எண்ட சாமானைப் போட்டு ஓடுது, வடிவா ஓடுது, கறுப்பு வெள்ளைப் படமெல்லாம் இப்ப அதிலதான் செய்யிறன். மாசச் சந்தா கட்டுற புதுச் சாமான்களை இப்பிடி ஓட்டலாமோ எண்டு பாக்க வந்தவைக்கும் கீழ கொஞ்சம் எழுதியிருக்கிறன், ஆனா பெரிசா எதிர்பாக்காதேங்கோ.

லினக்ஸுக்குப் போனது ஆசையில இல்லை. விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது, விண்டோஸ் 11 கேக்கிறது 8ஆம் தலைமுறை இன்டெல் புரோசெசரும் டிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்புச் சிப்பும், என்ர கையில இருக்கிறது 6ஆம் தலைமுறை ஐ5. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில போய்க் கேட்டா ஒரு தம்பி சொன்னான், "அண்ணை, குறுக்கு வழியால ஏத்தித் தரலாம், பிறகு அப்டேட் வரேல்லை எண்டு எங்களிட்ட வரப்படாது" எண்டு. நேர்மையான பெடியன். புது லப்டொப்புகளின்ர விலையையும் ஒருக்காக் கேட்டுட்டு, பேசாமல் ராமும் ஒரு எஸ்எஸ்டியும் வாங்கிக்கொண்டு வெள்ளவத்தைக்கு பஸ் ஏறிட்டன்.

ரோ ஃபைல், அதாவது கமெரா பதிஞ்ச மூலப் படம், அந்த வேலைக்கு லினக்ஸில டார்க்டேபிள் இருக்கு, பழக நாள் எடுக்கும், பழகினாப் பிறகு குறை சொல்ல ஏலாது. கறுப்பு வெள்ளையும் அதில செய்யலாம். ஆனா எனக்கு சில்வர் எஃபெக்ஸின்ர கொன்ட்ரோல் பொயின்ட் கை பழகிப்போச்சு: படத்தில ஒரு இடத்தில கிளிக் பண்ணினா ஒரு வட்டம் வரும், அந்த வட்டத்துக்குள்ள நீங்கள் கிளிக் பண்ணின நிறத்துக்குக் கிட்டவா இருக்கிறதை மட்டும் அது பிடிச்சு வெளிச்சமாக்கும் இல்லாட்டி இருட்டாக்கும், மாத்தவேண்டிய இடத்தைச் சுத்திக் கையால மாஸ்க் கீறத் தேவையில்லை. ரோதெரபி எண்ட இன்னொரு ரோ சொஃப்ட்வெயாரில, 2022ல வந்த 5.9இல இதே யோசனையில லோக்கல் அட்ஜஸ்ட்மென்ட் போட்டிருக்கினம், நல்ல வேலைதான், ஆனா அதைத் திறந்தா ஸ்லைடர் ஸ்லைடரா வந்துகொண்டே இருக்கும், நான் தேடினது மூண்டோ நாலோதான்.

சில்வர் எஃபெக்ஸ் வாறது நிக் கலெக்ஷன் எண்ட தொகுப்பில, அதின்ர கதை தெரியாதவைக்குச் சுருக்கமா. நிக் சொஃப்ட்வெயாரை 2012ல கூகிள் வாங்கிச்சுது, 2016 மார்ச்சில முழுத் தொகுப்பையும் சும்மா எடுங்கோ எண்டு விட்டுது, 2017 ஒக்டோபரில டிஎக்ஸ்ஓ எண்ட கம்பனிக்கு வித்திட்டுது, இப்ப வாறதெல்லாம் காசுக்கு. நான் 2016ல எடுத்து ஹார்ட் டிஸ்க்கில போட்டு வச்ச கூகிள் காலத்து இன்ஸ்டோலர்தான் இது. உங்களிட்ட இல்லாட்டி கண்ட கண்ட இடத்தில டவுன்லோட் பண்ணப் போகாதேங்கோ, பழைய ஃப்ரீ சொஃப்ட்வெயாரின்ர பேரில வைரஸ் கட்டி விக்கிறவை கனபேர்.

கம்பியூட்டருக்குள்ள இன்னொரு கம்பியூட்டரை ஓட்டுற வேர்ச்சுவல்பொக்ஸ் போட்டு உள்ளுக்கு ஒரு விண்டோஸை வச்சாச் சரிதானே எண்டு சிநேகிதன் ஒருத்தன் கேட்டான். செய்யலாம் மச்சான், ஆனா அது ஒரு பிளேன்டீ குடிக்கிறதுக்காகக் கடையையே வாங்கிறது. முழு விண்டோஸும் உள்ளுக்கு ஓடவேணும், ராமில பாதி அதுக்கே போயிடும். வைன் அப்பிடியில்லை, அதுக்குள்ள விண்டோஸ் எண்டு ஒண்டும் கிடையாது. விண்டோஸ் சொஃப்ட்வெயாரின்ர எக்ஸி ஃபைல் "இந்த ஃபைலைத் திற, இந்த ஜன்னலைக் கீறு" எண்டு விண்டோஸிட்டக் கேக்கிறதை வைன் இடையில பிடிச்சு லினக்ஸுக்கு விளங்கிற மாதிரிக் கேக்கும், மற்றக் கணக்கெல்லாம் நேரா புரோசெசரிலயே நடக்கும், அதாலதான் வேகம் பெரிசா விழேல்லை. 1993ல தொடங்கின திட்டம், 1.0 எண்டு போட 2008 ஆச்சு, பதினைஞ்சு வருசம். விண்டோஸ் புதுசு புதுசா மாறிக்கொண்டிருக்க, பின்னால ஓடிப் பிடிக்கிற வேலை அது. அதாலதானோ என்னவோ, ஆரும் கை வைக்காமல் அப்பிடியே நிண்டுபோன பழைய சொஃப்ட்வெயார்தான் வைனில ஆகத் திறமா ஓடுது.

இன்ஸ்டோல் பண்ணினது பெரிய வித்தையில்லை. மின்ட் 22ல இருக்கிற வைன் 9.0வே போதும். நிக்குக்கு மட்டும் தனியா ஒரு பிரிஃபிக்ஸ், அதாவது தனி ஃபோல்டருக்குள்ள தனி சி டிரைவ், வச்சன், அப்பத்தான் வேற என்ன போட்டுக் குழப்பினாலும் இது பழுதாகாது. வைன்ட்ரிக்ஸ் எண்ட உதவி ஸ்கிரிப்டால கோர்ஃபொன்ட்ஸ் எண்ட விண்டோஸ் எழுத்துருக்களைப் போட்டிட்டு இன்ஸ்டோலரை ஓட்டினா, ஃபோட்டோஷொப் எங்க, லைட்ரூம் எங்க எண்டு தேடும். ரெண்டும் இல்லை. ஒரு வெறும் ஃபோல்டரைச் செய்து அதைக் காட்டிவிட்டன், பேசாமல் ஏத்துக்கொண்டுது.

முதல் தரம் திறக்கேக்க படம் இருக்கவேண்டிய இடம் முழுக்கக் கறுப்பு. இது ஜிபியு, அதாவது கிராஃபிக்ஸ் சிப் விஷயம், செட்டிங்ஸுக்குப் போய் ஜிபியுவைப் பாவிக்கிறதுக்கு இருக்கிற டிக்கை எடுத்துவிட்டாச் சரி. அதுக்குப் பிறகு எல்லாக் கணக்கும் சிபியுவிலதான், ஸ்லைடரை இழுத்துவிட்டா ஒரு கொஞ்சம் யோசிச்சுத்தான் படம் மாறும். கல்யாண வீட்டுப் படம் ஆயிரம் செய்யிறவைக்கு இது சரிவராது, ஞாயிற்றுக்கிழமை எடுத்ததில ஏழெட்டைச் செய்யிற எனக்கு ஒரு குறையுமில்லை.

அடுத்தது தமிழ். என்ர படங்கள் எல்லாம் புறக்கோட்டை, ஆடிவேல், காலிமுகத்திடல் எண்டு தமிழில பேர் வச்ச ஃபோல்டருக்குள்ளதான் கிடக்கு, லினக்ஸுக்கு அதில ஒரு பிரச்சினையும் இல்லை. சில்வர் எஃபெக்ஸுக்கு அந்தப் பாதையைக் குடுத்தா திறக்கமாட்டன் எண்டு நிண்டிட்டுது. சிங்கள ஃபோல்டருக்கும் அதேதான். பழைய விண்டோஸ் சொஃப்ட்வெயார் கனக்க, எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோட் வாறதுக்கு முந்தின முறையில, கோட் பேஜ் எண்ட எழுத்துப் பட்டியல் ஒண்டை வச்சு ஃபைல் பேரை வாசிக்கும். ஐரோப்பிய மொழி, அரபு, சீனம் எல்லாத்துக்கும் விண்டோஸில அப்பிடிக் கோட் பேஜ் இருக்கு, தமிழுக்கு எப்பவுமே இருந்ததில்லை, தமிழ் விண்டோஸுக்குள்ள வந்ததே யூனிகோடாத்தான். அதால இதுக்கு வைனில ஒரு செட்டிங் தேடிப் பிரயோசனமில்லை, சுத்திப் போறதுதான் வழி.

சுத்திப் போறதுக்கு ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது லினக்ஸ் கொமாண்டுகளை வரிசையா எழுதி வச்ச ஒரு ஃபைல். டார்க்டேபிளில இருந்து 16 பிட் டிஃப் (TIFF) ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணுவன், கம்ப்ரஸ் பண்ணாமல் (24 மெகாபிக்சல் படம் ஒண்டு 144 எம்பி வரும், பயப்பிடாதேங்கோ, வேலை முடிய அழிக்கிறதுதானே). ஸ்கிரிப்ட் அந்த டிஃபை வெறும் இலக்கத்தில பேர் வச்சு ஒரு தற்காலிக ஃபோல்டருக்குள்ள கொப்பி பண்ணும், வைன்பாத் எண்ட கொமாண்டால லினக்ஸ் பாதையை விண்டோஸ் பாதையா மாத்தும், பிறகு சில்வர் எஃபெக்ஸை அந்தப் பாதையோட கூப்பிடும். அது சேவ் பண்ணேக்க தந்த ஃபைலுக்கு மேலயே எழுதும், அதாலயும் கொப்பியில வேலை செய்யிறது நல்லது. ஜன்னலை மூடினதும் ஸ்கிரிப்ட் திரும்ப எழும்பி, ஃபைலைப் பழைய தமிழ்ப் பேரோட பழைய ஃபோல்டருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, எக்ஸிஃப்டூலால ரோ ஃபைலில இருக்கிற திகதி, லென்ஸ் விவரமெல்லாம் திரும்பப் போடும். ஒண்டு கவனிக்கவேணும்: வைனுக்கு நேர எக்ஸியைக் குடுத்தா ஜன்னல் மூடும்வரை ஸ்கிரிப்ட் காத்துக்கொண்டு நிக்கும், ஸ்டார்ட் எண்டு இடையில போட்டுக் கூப்பிட்டா காத்திருக்காமல் அடுத்த வரிக்குப் போயிடும், நீங்கள் படத்தைத் தொடுறதுக்கு முதலே ஃபைல் திரும்ப ஃபோல்டருக்குப் போயிருக்கும்.

ஜிம்ப் எண்ட படம் திருத்துற சொஃப்ட்வெயாருக்குள்ள இருந்து நிக்கைக் கூப்பிடுற பிளகின்களும் இருக்கு. ஆனா ஜிம்ப் 3.0 2025ல வந்ததோட பழைய பைதன் 2இல எழுதினதுகள் அப்பிடியே வேலை செய்யாது. தனி ஸ்கிரிப்ட் எண்டா ஜிம்ப் என்ன கூத்தாடினாலும் எனக்குக் கவலையில்லை.

இவ்வளவு கஷ்டப்பட்டு என்ன கண்டது எண்டு கேக்கிறவைக்கு ஒரு படத்தைச் சொல்லுறன். புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில இருக்கிற சிவப்புப் பள்ளிவாசல், 1909ல கட்டி முடிச்சது, சிவப்பும் வெள்ளையும் வரி வரியா, கொழும்புக்கு வாற ஆரும் அதைக் கலரிலதான் எடுப்பினம், கலர்தானே அதின்ர பெருமை. அதைக் கறுப்பு வெள்ளையில செய்து பாக்கவேணும் எண்டது என்ர பிடிவாதம். சும்மா மாத்தினா சிவப்பு ஒரு மந்தமான சாம்பலா வருது, கட்டடம் செத்துப்போச்சு. சில்வர் எஃபெக்ஸில கலர் ஃபில்டர் எண்டு ஒரு வரிசை இருக்கு, ஃபிலிம் காலத்தில லென்ஸுக்கு முன்னால மாட்டின கண்ணாடிகளின்ர வேலையைச் செய்யும். சிவப்பு ஃபில்டரை அமத்தினன்: சிவப்பு வரியெல்லாம் வெளுத்து வெள்ளையோட கலந்து, வரியே இல்லாத ஒரு வெள்ளைக் கட்டடம். பச்சை ஃபில்டரை அமத்தினன்: சிவப்பு கறுப்பாப் போய், ஒவ்வொரு கல்லும் தனித்தனியாத் தெரியுது, மேல இருக்கிற குமிழ்க் கோபுரங்களின்ர வளைவு முழுக்க வரி சுத்திக்கொண்டு போறது கண்ணில குத்துது. சொல்லி வேலையில்லை.

ஆனா பச்சை ஃபில்டருக்கு ஒரு விலை இருக்கு. எங்கட தோல் நிறம் சிவப்புப் பக்கம்தானே, அதுவும் சேர்ந்து இருண்டிடும். படத்தின்ர அடியில வண்டில் இழுத்துக்கொண்டு போற நாட்டாமி ஒருத்தர், மூட்டைக்கு மேலால திரும்பிப் பாக்கிறார், அவற்ற முகம் நிழலுக்குள்ள வேற, ஃபில்டர் போட்டதும் கண் மட்டும்தான் மிச்சம். இந்த இடத்திலதான் கொன்ட்ரோல் பொயின்ட். நெத்தியில ஒண்டு, கன்னத்தில ஒண்டு, வட்டத்தைச் சின்னனாக்கி வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏத்தினா முகம் திரும்பி வந்திட்டுது, பின்னால இருக்கிற சாக்கு மூட்டை அசையேல்லை. கழுத்தில இருந்த துவாய் கொஞ்சம் சேர்ந்து வெளுத்துது, அதில இன்னொரு பொயின்டை வச்சு ஒண்டும் மாத்தாமல் விட்டா அது தன்ர இடத்தில நிக்கும். இதையே மாஸ்க் கீறிச் செய்யிறதெண்டா எனக்கு அரை மணித்தியாலம்.

வானத்துக்குச் சிவப்பு ஃபில்டர் போட்டா நீலம் இருண்டு முகில் எழும்பி வரும் எண்டு எல்லாரும் சொல்லுவினம், உண்மைதான், ஆனா கொழும்பில மத்தியானத்துக்குப் பிறகு கடல் பக்கமிருந்து வாற ஈரத்தில வானமே பால் வெள்ளையாத்தான் இருக்கும், இருட்டாக்க அங்க நீலம் எங்க கிடக்கு. காலிமுகத்திடலில காலமை எடுத்த படங்களுக்கு மட்டும்தான் அந்த வித்தை சரிவந்தது.

இனி சந்தா சொஃப்ட்வெயார். பேர் சொல்லேல்லை, மாசா மாசம் டொலரில கட்டுற ஒண்டு, 2022ல டொலர் இருநூறுக்குக் கிட்ட இருந்து முந்நூற்று அறுபதுக்குப் பாஞ்சதோட நான் விட்ட ஒண்டு. ஒரு மாசத்துக்குத் திரும்ப எடுத்து வைனில போட்டுப் பாத்தன். இன்ஸ்டோலரின்ர லொகின் ஜன்னல் வெள்ளையா வந்து நிண்டுது, அதுக்கு அங்கால போகேல்லை. கவனிச்சுப் பாத்தா படத்தைத் திருத்துற பகுதிக்கு அலுவல் போகவே இல்லை, காசு கட்டினவன்தானோ எண்டு பாக்கிற வாசலிலேயே மறிச்சாச்சு. வைன்ட்ரிக்ஸ், அது இது எண்டு இரவிரவா முழிக்கிற ஆக்கள் முழியுங்கோ, நான் மாட்டன். அடோபியின்ர டிஎன்ஜி கன்வேர்ட்டர் வேற விஷயம், அதுக்கு லொகினும் இல்லை சந்தாவும் இல்லை, வைனில ஓடுது, டார்க்டேபிளுக்குப் பிடிபடாத புதுக் கமெராவின்ர ரோ ஃபைலை டிஎன்ஜி எண்ட பொதுவான ரோ வடிவத்துக்கு மாத்த உதவும்.

வைன் பாதுகாப்பான கூண்டு எண்டு நினைக்கிறவைக்கு ஒரு சொல்லு. பிரிஃபிக்ஸுக்குள்ள டொஸ்டிவைசஸ் எண்டு ஒரு ஃபோல்டர் இருக்கு, அதில இசட் எண்ட டிரைவ் உங்கட முழு டிஸ்க்குக்கும் போற ஒரு லிங்க். அதை எடுத்திட்டு, அந்தத் தற்காலிக ஃபோல்டருக்கு மட்டும் பி எண்டு ஒரு லிங்க் போட்டு வச்சிருக்கிறன். முழுப் பாதுகாப்பு இல்லை, வேணுமெண்டு எழுதின வைரஸ் இதைத் தாண்டும், எண்டாலும் கைதவறி வேற ஃபோல்டருக்குள்ள சேவ் பண்ணுறது நிண்டுது.

கடைசியா, எல்லாம் சரிவந்த பிறகு அந்த பிரிஃபிக்ஸ் ஃபோல்டரை அப்பிடியே ஒரு டார் ஃபைலாக் கட்டி பென் டிரைவில போட்டு வையுங்கோ. தெஹிவளையில இருக்கிற மச்சாளின்ர லப்டொப்புக்கு இன்ஸ்டோலரைத் தொடாமல் அதை விரிச்சுத்தான் குடுத்தனான், சில்வர் எஃபெக்ஸ் உடனே திறந்தது, ஆனா நான் சேத்து வச்ச பிரீசெட், அதாவது சேவ் பண்ணி வச்ச ஸ்லைடர் அளவுகள், ஒண்டையும் காணேல்லை, ஜிபியு டிக்கும் திரும்ப வந்திருந்தது. சி டிரைவுக்குள்ள யூசர்ஸ் எண்ட ஃபோல்டரில செட்டிங்ஸ் எல்லாம் என்ர லினக்ஸ் யூசர் பேரில கிடக்கு, அவவின்ர மெஷினில வைன் அவவின்ர பேரில புதுசா ஒரு ஃபோல்டரைத் திறந்திட்டுது. புதுசை அழிச்சுப்போட்டு பழையதுக்கு அவவின்ர பேரை வச்சன், சரி. அவ இப்ப கேக்கிறது அதே நிக் தொகுப்பில இருக்கிற கலர் எஃபெக்ஸும் வேணுமாம். அதே ஸ்கிரிப்டில எக்ஸியின்ர பாதையை மட்டும் மாத்தினாச் சரிவரும் எண்டு நினைக்கிறன், வாற கிழமை பாப்பம்.