பயோஃபில்டர் மீது விழும் பனி

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உணவுக் கழிவை மட்கவைத்து உரமாக்கும் ஆலையொன்றில் வேலை செய்கிறேன். கூடத்தின் நாற்றக் காற்று முழுவதும், ஒரு மீட்டருக்குச் சற்று மேலான உயரத்தில் மரச்சில்லுகளைப் பரப்பிய பயோஃபில்டர் படுகையின் அடியில் செலுத்தப்பட்டு, ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் மேலே வந்துவிடுகிறது. சில்லுகளின் ஈரப்படலத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அதற்குள் அம்மோனியாவையும் கந்தகச் சேர்மங்களையும் சிதைத்தாக வேண்டும். 20 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை சுறுசுறுப்பாக இருக்கும் அவை, 10 டிகிரிக்குக் கீழே மந்தமாகிவிடுகின்றன.

குளிர்காலம் என்றதும் எல்லோரும் உறைவதைப் பற்றியே கேட்கிறார்கள். நான் அதைவிட அஞ்சுவது வறட்சிக்குத்தான். மைனஸ் 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 1 கிராம் நீராவிதான் இருக்க முடியும். 20 டிகிரியிலோ 17 கிராம் வரை இருக்கலாம். லாரி வரும்போதெல்லாம் கதவு வழியே புகும் வெளிக்காற்று, உள்ளே சூடேறியதும், படுகையின் அடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சத் தொடங்குகிறது. மேற்பரப்பு மட்டும் உருகிய பனியால் சொதசொதவென்று இருக்கும். என் முதல் குளிர்காலத்தில் அந்த ஈரத்தை நம்பிவிட்டேன். பிப்ரவரியில் நாற்றம் கசிந்தபோது தோண்டிப் பார்த்தால், அடிச்சில்லுகள் அடுப்புக்கு வைத்த விறகுபோலக் காய்ந்து கிடந்தன. அதன்பின், படுகைக்குப் போகும் காற்றை ஈரமாக்கும் ஈரப்பதமூட்டியின் தண்ணீர்க் குழாய் உறையாதிருக்க, அதற்கு வெப்பக் கம்பி சுற்றினோம். கதவு திறந்திருக்கும் நேரத்தையும் குறைத்தோம்.

படுகையின் உள்நிலையை அறிய எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த கருவி பனிதான். இரவு பனி பெய்திருந்தால், விடிந்ததும் யாரும் மிதிப்பதற்கு முன்பே போய்ப் படமெடுத்துவிடுவேன். பனி முதலில் உருகிக் கறுப்பாகத் தெரியும் திட்டுகளில், பெரும்பாலும் சுவரோரங்களில், காற்று குறுக்குவழி பிடித்து, சுத்தமாகாமலே வெளியேறுகிறது; வெள்ளையாகவே கிடக்கும் இடத்துக்குக் காற்று வந்துசேரவில்லை. சென்ற ஆண்டு வடமேற்கு மூலை மட்டும் மூன்று நாளாக வெள்ளையாகவே கிடந்தது. கதகதப்பான ஈரக்காற்றிலுள்ள நீராவி, அக்காற்றைப் படுகைக்குக் கொண்டுசெல்லும் குளிர்ந்த குழாயில் படும்போது நீராகிவிடும். அந்நீர் குழாயின் தாழ்ந்த வளைவில் தேங்கி, பனிக்கட்டியாகிப் பாதையையே அடைத்திருந்தது.

விசிறியை நிறுத்திவிட்டுப் பழுதுபார்க்கலாம் என்று ஒருவர் சொன்னபோது நான் மறுத்தேன், ஏனெனில் நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜனும் வெப்பமும் அக்காற்றிலிருந்தே கிடைக்கின்றன. வேகத்தைக் குறைத்துக்கொண்டு, கட்டியை உருக்கி, அவ்வளைவில் வடிகுழாய் பொருத்தினோம். இவ்வாண்டு முதல் பனி விழுந்த காலையில், அந்த மூலையிலும் மற்ற இடங்களோடு சேர்ந்து ஆவி எழுந்தது.