கோதாரியும் கிணற்றுத் தண்ணீரும்

எங்கள் அம்மம்மாவுக்குக் கோபம் வந்தால் "கோதாரி" என்ற சொல்தான் முதலில் வரும். அது கொலராவுக்கு ஊரார் இட்ட பெயர் என்பதும், 19ஆம் நூற்றாண்டில் மலைநாட்டுத் தோட்டங்களுக்குப் போவதற்காக மன்னார்க் கரையில் இறங்கி வன்னிக் காட்டுவழியே நடந்த தொழிலாளர்கள் அந்நோயால் வழிநெடுகிலும் மடிந்தார்கள் என்பதும் எனக்குப் பிந்தியே தெரியவந்தன.

2009இல், போரில் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்த நாட்களில் அம்மம்மா அந்தச் சொல்லை ஒருதடவையேனும் வாயில் எடுக்கவில்லை. ஆகஸ்ட் மாதத்துப் பெருமழையில் மலசலகூடக் குழிகள் நிரம்பி, கூடாரங்களுக்கு நடுவே கழிவுநீர் ஓடியது. பவுசரில் வந்த தண்ணீரில் குளோரின் மணம் அடித்ததால் பலர் முகம் சுளித்தார்கள். அம்மம்மாவோ அதை வாளியில் ஊற்றி, சீலைத் துண்டால் மூடிவைத்து, மணம் குறைந்த பின்பு எங்களுக்குக் குடிக்கத் தந்தார். கொப்பளிப்பான் வந்தது, செங்கமாரி வந்தது, கொலரா வரவில்லை.

அது அடுத்த ஆண்டு ஹெயிட்டிக்குப் போனது. 2010 ஜனவரி நிலநடுக்கத்தில் சிதைந்திருந்த அந்த நாட்டில், ஐ.நா. அமைதிப்படை முகாமொன்றின் மலக்கழிவு ஆர்ட்டிபொனிட் ஆற்றின் கிளையொன்றில் கலந்தது. ஒக்டோபரில், அந்த ஆற்றையே குடிக்கவும் குளிக்கவும் நம்பியிருந்த கரையோர மக்களிடையே நோய் வெடித்து, பின்வந்த ஆண்டுகளில் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பீடித்து, ஏறத்தாழ 10,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. உதவிக்கு வந்தவர்களின் கழிவே அதற்குக் காரணமாயிற்று என்பதும், ஐ.நா. மன்னிப்புக் கேட்க 2016 டிசம்பர் வரை சென்றது என்பதும் முகாமில் வாழ்ந்த எனக்கு இன்றும் பொறுக்க முடியாதவை.

ஏனென்றால் கொலராவால் சாக வேண்டிய அவசியமே இல்லை. உடலிலிருந்து நீரும் உப்பும் மணிக்கணக்கில் வெளியேறுவதுதான் ஆளைக் கொல்கிறது; அவற்றை உடனே திருப்பி ஊட்டினால் நூற்றுக்கு ஒருவர்கூட இறப்பதில்லை. 1971இல் வங்காள எல்லையிலுள்ள பொங்காவ் அகதி முகாமில் சேலைன் தீர்ந்துபோனபோது, வைத்தியர் திலீப் மகலனாபிஸ் உப்பையும் குளுக்கோசையும் தண்ணீரில் கரைத்து, நோயாளரின் உறவினர்களைக் கொண்டே பருக்கச் செய்தார். அங்கே நூற்றுக்கு முப்பதளவில் இருந்த இறப்பு நான்குக்கும் கீழே இறங்கியது. நம் வீடுகளில் வயிற்றோட்டத்துக்குக் கொதித்தாறிய நீரில் கரைக்கும் ஜீவனிப் பக்கற்றும் அதே வழியில் வந்ததே.

நோயாளி பிழைத்தாலும் தண்ணீர் திருந்தாவிட்டால் நோய் அடுத்த வீட்டுக்குப் போகும். 2018 டிசம்பர் வெள்ளம் கிளிநொச்சியில் வடிந்த பின்பு எங்கள் கிணற்றை மோட்டரால் இறைத்து, உள்சுவரைத் தேய்த்துக் கழுவி, குளோரின் தூளை வாளியில் கரைத்து ஊற்றினோம். மறுநாள் மீண்டும் இறைத்து, மணம் போன பிறகே குடித்தோம். எங்கள் கிணற்றுக்குக் கட்டு இருக்கிறது. பக்கத்துக் காணிக் கிணற்றுக்கு இன்னும் இல்லை. அந்தக் காணியின் மலசலகூடக் குழியும் கிணற்றிலிருந்து 50 அடிக்குள்தான் இருக்கிறது. மாரி தொடங்குமுன் அந்தக் கட்டையாவது எழுப்ப, எங்களிடம் மிஞ்சிய கல்லைக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.